உச்ச விலை கேமிங் கணினி இன்றும் வாங்கத் தகுந்ததா? தருமபுரியிலிருந்து ஒரு மதிப்பீடு

விளையாடுவதற்காக மட்டுமே கணினி வாங்குகிற ஒருவர் ஐந்து லட்ச ரூபாய் கொடுத்து உச்சநிலை கேமிங் கணினியை வாங்க வேண்டியதில்லை என்பதே, அத்தகைய கணினி ஒன்றையும் அதில் பாதி விலைகூட இல்லாத இன்னொன்றையும் ஒரே மேசையில் வைத்து ஓட்டிப் பார்த்த பின் நான் வந்திருக்கும் முடிவு. விலை உயர்ந்த கணினியில் குறை எதையும் நான் காணவில்லை. இதுவரை நான் தொட்ட கணினிகளிலேயே அதுதான் மிகச் சிறந்தது. ஆனால் அதன் திறன் முழுவதும் வெளிப்படுவதற்குத் தேவையான திரையும் மின்சார வசதியும் குளிர்ந்த அறையும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பாலான வீடுகளில் இல்லை. அவற்றை ஏற்படுத்திக்கொள்ள ஆகும் செலவு, கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை.

உச்சநிலைக் கணினி, ஓசூரில் வடிவமைப்புப் பணியில் இருக்கும் என் அண்ணன் மகனுடையது. ஏஎம்டி ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசஸர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு, 64 ஜிபி டிடிஆர்5 ரேம், 1200 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி), 4கே ஓலெட் மானிட்டர் என்று எதிலும் சமரசம் செய்யாமல் அசெம்பிள் செய்யப்பட்டது. கோடை விடுமுறைக்கு அதைத் தருமபுரிக்குக் கொண்டுவந்திருந்ததால், எங்கள் வீட்டு மின்சாரத்திலும் எங்கள் ஊர் வெயிலிலும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க முடிந்தது. ஒப்பிடுவதற்கு என்னுடைய கணினி இருந்தது. அதில் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கார்டும், ஆறு கோர் ரைசன் 5 பிராசஸரும், 32 ஜிபி ரேமும், 1440பி மானிட்டரும் உள்ளன.

முதலில் விலை. 2025 ஜனவரியில் இந்த வரிசைக் கார்டுகளை அறிவித்தபோது என்விடியா இந்தியாவுக்குச் சொன்ன தொடக்க விலைகள் இவை: 5090-க்கு 2,14,000 ரூபாய், 5080-க்கு 1,07,000 ரூபாய், 5070 டிஐ-க்கு 80,000 ரூபாய், 5070-க்கு 59,000 ரூபாய். கடைகளில், குறிப்பாக 5090-ஐப் பொறுத்தவரை, அந்த விலைக்கு யாரும் கொடுக்கவில்லை என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். அறிவித்த விலையையே வைத்துக் கணக்கிட்டாலும் 5090-இன் விலை 5070 டிஐ-யின் விலையைப்போல ஏறத்தாழ 2.7 மடங்கு. வேகமோ, 4கே திரையில் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது, ஆனால் இரண்டு மடங்கை எட்டுவதில்லை. அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கும் பிராசஸர், எஸ்எம்பிஎஸ், பெரிய கேபினெட், மானிட்டர் ஆகியவையும் அதே தரத்தில் வாங்க வேண்டியிருப்பதால், கார்டில் தொடங்கும் விலை வித்தியாசம் மொத்தக் கணக்கில் இன்னும் விரிகிறது.

வேக வித்தியாசம் எந்தத் திரையில் தெரிகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காமல் விட்டுவிடுவதும் இதைத்தான். 1080பி திரையில் ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் படங்களில் ஒவ்வொன்றுக்கும், ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் வரையப்படுகின்றன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். 5090 போன்ற கார்டு இந்தக் கடைசி எண்ணிக்கைக்காகவே செய்யப்பட்டது. அதை 1080பி மானிட்டரில் இணைத்தால், கார்டு தன் வேலையை முடித்துவிட்டுப் பிராசஸருக்காகக் காத்திருக்கிறது. அண்ணன் மகனின் கணினியை என் பழைய 1080பி மானிட்டரில் இணைத்துச் சைபர்பங்க் 2077 விளையாட்டை ஓட்டியபோது, ரே டிரேசிங் (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) இல்லாத அமைப்பில் கார்டின் பயன்பாடு பல இடங்களில் பாதியைச் சுற்றியே நின்றது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் மாதந்தோறும் வெளியிடும் வன்பொருள் கணக்கெடுப்பில், உலகம் முழுவதும் விளையாடுகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்றும் 1080பி திரையையே பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்து நிலைமை அதைவிட மேலானதாக இருக்கும் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதோடு, நம் பையன்கள் உண்மையில் எதை விளையாடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தருமபுரி நான்கு ரோட்டுப் பக்கமும் கிருஷ்ணகிரி பெங்களூரு சாலையிலும் கணினிக் கடைகளில் வந்து விசாரிக்கிற இளைஞர்கள் பெரும்பாலும் சொல்வது வேலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2, ஜிடிஏ 5 ஆகிய பெயர்களைத்தான். வேலரண்ட் 2020-இல் வெளிவந்தபோது, அது ஓடுவதற்குக் குறைந்தபட்சத் தேவையாக இன்டெல் எச்டி 4000 என்னும் பழைய உள்ளமை கிராபிக்ஸையே அதன் தயாரிப்பாளர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். அந்த விளையாட்டில் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பின் தாமதமோ பயிற்சிக் குறைவோதான். மும்பையில் இருக்கும் சர்வருக்கும் நம் வீட்டு ஃபைபர் இணைப்புக்கும் இடையிலான நேரத்தை எந்தக் கிராபிக்ஸ் கார்டாலும் குறைக்க முடியாது.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4கே ஓலெட் திரையில், முழு ரே டிரேசிங் அமைப்பில், மழை பெய்து நனைந்த சாலையில் கடைகளின் விளக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரதிபலிக்கும் காட்சியைச் சைபர்பங்கில் 5090 காட்டியபோது நான் அசந்துதான் போனேன். என் கணினியில் அதே தெருவில் பிரதிபலிப்புகள் சற்று மங்கி, தொலைவில் உள்ள கம்பி வேலிகளின் ஓரங்கள் நகரும்போது லேசாக நெளிகின்றன. அருகருகே வைத்தால் வித்தியாசம் யாருக்கும் தெரியும். ஆனால் என் கணினியை மட்டும் தனியாகப் பார்ப்பவர் எதையோ இழந்துவிட்டதாக உணர்வாரா என்றால், உணரமாட்டார் என்பதே என் கருத்து. இன்னொன்றும் உண்டு: அந்த உச்ச அமைப்பில், என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் என்னும் மென்பொருள் நுட்பத்தின் உதவியில்லாமல், 5090-ஆலும் நொடிக்கு 60 ஃப்ரேம்களைக் கொடுக்க முடியவில்லை. குறைந்த புள்ளிகளில் வரைந்து, அதைக் கணித்துப் பெரிதாக்கி, இடையிடையே செயற்கை ஃப்ரேம்களைச் செருகித்தான் பெரிய எண் திரையில் வருகிறது. அதே டிஎல்எஸ்எஸ் 4 வசதி, ஒவ்வொரு உண்மையான ஃப்ரேமுக்கும் மூன்று கூடுதல் ஃப்ரேம்கள் வரை உருவாக்கும் வசதி உட்பட, இந்த வரிசையின் விலை குறைந்த கார்டுகளிலும் இருக்கிறது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி கார்டும், 2025 மார்ச்சில் அதனுடன் வந்த, டிஎல்எஸ்எஸ் போன்ற வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர் 4-உம் இந்த இடைவெளியை இன்னும் சுருக்கிவிட்டன.

இதே காரணத்தால் விளம்பர எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். 549 டாலர் விலையுள்ள 5070 கார்டு, முந்தைய வரிசையின் உச்சக் கார்டாக 2022-இல் 1,599 டாலருக்கு வந்த 4090-இன் திறனைக் கொடுக்கும் என்று 2025 ஜனவரியில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். செருகப்படும் ஃப்ரேம்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தக் கணக்கு வருகிறது. செருகப்பட்ட ஃப்ரேம் காட்சியை மென்மையாக்கும். மவுஸை நகர்த்தியதற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையிலான நேரத்தை அது குறைப்பதில்லை.

விலை உயர்ந்த கார்டு நீண்ட நாள் உழைக்கும் என்ற வாதம் பழைய அனுபவத்திலிருந்து வருவது. அதில் உண்மையும் இருக்கிறது. 2017 மார்ச்சில் 699 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ, 11 ஜிபி நினைவகத்தோடு பல ஆண்டுகள் தலைநிமிர்ந்து நின்றது. அந்த வரிசைக்கான புதிய விளையாட்டு டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரில்தான் நிறுத்தியது. ஆனால் அன்று விளையாட்டுக்கார்டுகளின் உச்சியில் இருந்த அதன் விலை 699 டாலர். இன்றைய உச்சக் கார்டான 5090-க்கு அறிவிக்கப்பட்ட விலை 1,999 டாலர். அன்றைய 699 டாலருக்கு இன்று ஏறத்தாழ இணையாக நிற்பது 749 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட 5070 டிஐ. எனவே 1080 டிஐ-யைச் சான்றாகக் காட்டுகிறவர் உண்மையில் நடுத்தர உயர்நிலைக் கார்டுக்காகவே வாதிடுகிறார். அதோடு, 1080 டிஐ-யை இறுதியில் பின்தள்ளியது வேகக் குறைவு மட்டுமன்று. ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம் என்ற நிபந்தனையோடு 2025 மே மாதம் வெளிவந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற விளையாட்டுகளை அது தொடங்கவே இயலாது. அடுத்து எந்த வசதி கட்டாயமாகும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாதபோது, பத்தாண்டுக்குச் சேர்த்து ஒரே தடவையில் பணம் கட்டுவதைவிட, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடுத்தர உயர்நிலைக் கார்டை மாற்றுவது பாதுகாப்பானது.

இனி மின்சாரமும் வெயிலும். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெருநகரங்களில் குளிரூட்டிய அறைகளில் இருந்து எழுதப்படும் மதிப்பீடுகளில் இது இடம்பெறுவதில்லை.

5090 கார்டு மட்டுமே 575 வாட் வரை இழுக்கும். பிராசஸர், மின்விசிறிகள், எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் மின்சாரம் எல்லாம் சேர்த்து, சுவர் பிளக்கில் மாட்டிய வாட் மீட்டர் கடினமான காட்சிகளில் 750-க்கும் 800-க்கும் இடையே காட்டியது. என் கணினி அதே காட்சிகளில் 450-ஐ ஒட்டி நின்றது. நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதக் கணக்கில் முதலாவது ஏறத்தாழ 144 யூனிட், இரண்டாவது 81 யூனிட். வித்தியாசம் 63 யூனிட்தான் என்று தோன்றும். ஆனால் நம் வீட்டு மின்கட்டண முறையில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதலாக எரித்த யூனிட்டுகளுக்கு உயர்ந்த விலை என்பதோடு, 100-க்கும் 200-க்கும் இடைப்பட்ட யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணமும் போய்விடுகிறது. ஏற்கெனவே 440, 450 யூனிட்டில் நிற்கும் குடும்பத்தை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ள இந்த 63 யூனிட் போதும்.

அந்த 800 வாட்டும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் இறங்குகிறது. சித்திரை, வைகாசியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, இந்தக் கணினியை ஓட்டுவது அறைக்குள் ஒரு விறகடுப்பைப் பற்றவைத்துவிட்டு உட்காருவதற்குச் சமம். கார்டு தாங்கிக்கொள்கிறது; அதன் வெப்பநிலை ஆபத்தான எல்லைக்குப் போகவே இல்லை. ஆனால் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழன்று எழுப்பும் இரைச்சலும், மேசைக்குக் கீழே முழங்காலில் வந்து மோதும் சூடான காற்றும் உட்கார்ந்திருப்பவரை ஒரு மணி நேரத்துக்குமேல் விடுவதில்லை. ஏசி போட்டால் தீர்ந்தது. ஒரு டன் ஏசி ஓடும் நேரத்தில் மணிக்கு ஒரு யூனிட் வரை சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கார்டின் மின் வரம்பை 400 வாட்டுக்கு அருகில் குறைத்து வைத்தால் வேகத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. இந்தக் கார்டை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கோடையில் இதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

மின்தடை இன்னொரு சிக்கல். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 900 விஏ இன்வெர்ட்டர் ஏறத்தாழ 700 வாட் சுமையைத்தான் தாங்கும். அதிலும் ஃபேன், விளக்கு, வைஃபை எல்லாம் ஏற்கெனவே இணைந்திருக்கின்றன. கடைகளில் கணினியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட்டோடு நின்றுவிடும். மாலையில் மின்சாரம் போன ஒரு நேரத்தில், விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று கத்திவிட்டு வீடு முழுவதையும் இருட்டாக்கியது. "சித்தப்பா, ஓசூர்ல நம்ம அப்பார்ட்மென்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கு, அதனால இது எனக்குத் தெரியவே இல்ல," என்றான் அண்ணன் மகன். அவன் சொன்னது சரி. அங்கே இந்தப் பிரச்சினை இல்லை. தனி வீட்டில் இருப்பவர்களுக்கு, வீட்டு மின்சாரத்தைப் போலவே சீரான அலையைத் தரும் சைன் வேவ் வகையைச் சேர்ந்த 2 கேவிஏ யுபிஎஸ் தேவைப்படும். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துக்கொள்வதும் அவசியம். எர்த் இல்லாத பிளக்கில் இணைத்த கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுரீரென்று பிடிக்கும். இரண்டரை லட்ச ரூபாய்ப் பொருளை அப்படிப்பட்ட பிளக்கில் வைத்திருக்கக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது, கார்டுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் 16 பின் இணைப்பியையும் சொல்லியாக வேண்டும். 4090 வந்த 2022-இலேயே இந்த இணைப்பி உருகிய நிகழ்வுகள் வெளிவந்தன. 5090-இலும் அத்தகைய புகார்கள் தொடர்ந்தன. எண்ணிக்கையில் அவை குறைவு. ஆனால் விரல் நுனி அளவுள்ள ஒரு பிளக் வழியாக 575 வாட் போகிறது என்பதால் அது முழுவதும் உள்ளே அமர்ந்திருக்க வேண்டும், கம்பி வாய்க்கருகில் மடங்கக் கூடாது. ஓசூரிலிருந்து காரில் கொண்டுவந்த கணினியைத் திறந்து பார்த்தபோது, நீளமான அந்தக் கார்டு தன் எடையால் ஒரு பக்கம் லேசாகத் தொங்கியிருந்ததையும், இணைப்பியின் ஓரத்தில் நகக்கண் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்ததையும் கண்டோம். அதை அழுத்திப் பொருத்தி, கார்டுக்குக் கீழே முட்டுக் கொடுத்த பிறகே மின்சாரம் கொடுத்தோம். கணினியை ஊருக்கு ஊர் தூக்கிச் செல்கிறவர்கள் கார்டைத் தனியாகக் கழற்றி அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுபோவது நல்லது.

பழுது வந்தால் என்ன செய்வது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். நம் இரண்டு மாவட்டங்களிலும் அசெம்பிள் செய்து தரும் திறமையான கடைகள் இருக்கின்றன. விண்டோஸ் நிறுவுவதிலிருந்து எஸ்எம்பிஎஸ் மாற்றுவது வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் இந்த விலையில் உள்ள கார்டைப் பெரும்பாலானோர் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ வாங்குகிறார்கள். வாரண்டிக்கும் அந்த வழியேதான் போக வேண்டும். கார்டு சர்வீஸில் இருக்கும் வாரங்களில் கணினி வெறும் பெட்டியாகக் கிடக்கும். எண்பதாயிரம் ரூபாய்க் கார்டுக்கும் இதே நிலைதான் என்றாலும், முடங்கிக் கிடக்கும் தொகை வேறு.

இப்போது வாங்குகிறவர்களுக்கு நினைவக விலை ஒரு புதிய சுமை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நினைவகச் சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் தன் குரூஷியல் நுகர்வோர் வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. விளையாட்டுக்கு 32 ஜிபி ரேம் போதும் என்ற நிலையில், 64 ஜிபி போட்டுக்கொள்ளும்படி கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடலாம்.

ஜிடிஏ 6 வருகிறது, அதற்காக இப்போதே பெரிய கணினி வாங்கிவிடலாம் என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு தகவல்: ராக்ஸ்டார் நிறுவனம் அந்த விளையாட்டைப் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு என்றுதான் அறிவித்தது. இதற்கு முந்தைய ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, கணினிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. வராத விளையாட்டுக்காக இன்று வாங்கும் கார்டு, அது வரும் நாளில் பழைய கார்டாகியிருக்கும்.

லேப்டாப்பாக வாங்க நினைப்பவர்கள் பெயரை நம்பி ஏமாற வேண்டாம். லேப்டாப்பில் 5090 என்று எழுதியிருப்பது 24 ஜிபி நினைவகத்தோடு, அதிகபட்சம் 175 வாட் அளவில் இயங்கும் வேறு சிப். மேசைக் கணினியின் 5090-க்கு அது இணையாகாது.

அப்படியானால் உச்சநிலைக் கணினி யாருக்குத்தான்? அதில் சம்பாதிக்கிறவர்களுக்கு. அண்ணன் மகன் பகலில் அதே கணினியில் முப்பரிமாண வடிவங்களை ரெண்டர் செய்கிறான். பழைய கணினியில் இரவு முழுவதும் ஓடவிட்ட வேலை இதில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. 32 ஜிபி கார்டு நினைவகம் அவனுக்குக் கருவி. விளையாட்டு அதன் மேல் கிடைக்கும் உபரி. திருமண வீடியோக்களை 4கே-யில் எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கும், வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டிப் பார்க்கும் மாணவர்களுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அவர்களிலும் பலருக்கு 16 ஜிபி கார்டே போதுமானதாக இருக்கும்.

விளையாட்டு மட்டுமே நோக்கமென்றால் நான் பரிந்துரைப்பது 16 ஜிபி நினைவகமுள்ள 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி, 750 அல்லது 850 வாட் தரமான எஸ்எம்பிஎஸ், பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வசதியான ஏஎம்5 மதர்போர்டு, நல்ல 1440பி மானிட்டர். அதுவும் முடியாதவர்கள் 5060 டிஐ-யின் 16 ஜிபி வகையைப் பார்க்கலாம். 8 ஜிபி வகையை எந்தத் தள்ளுபடியிலும் தொட வேண்டாம், புதிய விளையாட்டுகளின் உயர் அமைப்புகளில் அந்த நினைவகம் இப்போதே தடுமாறுகிறது. 5090-க்கும் 5070 டிஐ-க்கும் இடையே அறிவிக்கப்பட்ட விலையிலேயே மிஞ்சும் 1,34,000 ரூபாயில் நல்ல மானிட்டரும் சைன் வேவ் யுபிஎஸ்ஸும் வாங்கிய பிறகும், விளையாட்டுகள் வாங்கக் கணிசமான தொகை கையில் இருக்கும்.

எந்தக் கார்டை வாங்கினாலும், கடையை விட்டுக் கிளம்பும் முன் ஜிஎஸ்டி பில்லில் கார்டின் சீரியல் எண் எழுதப்பட்டிருக்கிறதா என்று பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். துபாயிலிருந்து வந்தது, பத்தாயிரம் குறைவு என்று பில் இல்லாமல் நீட்டப்படும் கார்டுக்கு இந்தியாவில் வாரண்டி கிடைக்குமா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.